96 வாரம் போட்டது வெத்து ஊசி: பார்க்கின்சன் ட்ரையலுக்குப் போய் வந்த கதை

முதல்லயே சொல்லிடறேன், பார்க்கின்சன்னு கை நடுங்கி, உடம்பு இறுகற நோய் இருக்கற எங்க வீட்டுக்காரருக்கு ஒரு மருந்து சோதனைல (ட்ரையல்) 96 வாரமும் போனது டம்மி ஊசி. மருந்தே இல்ல. பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு டம்மின்னு சொல்லித்தான் கையெழுத்து வாங்கினாங்க, அதனால யார் மேலயும் கோவப்பட முடியாது. ஆனா ரெண்டு வருஷம் வாராவாரம் வயித்துல குத்திக்கிட்ட மனுஷன் மூஞ்சியப் பாத்தா எனக்கு இன்னும் ஆறல.

லண்டன்ல தெரிஞ்சவங்க ரெண்டு பேர் இப்போ வேற ஒரு ட்ரையல்ல சேரலாமான்னு கேக்கறாங்க, அதான் எழுதறேன்.

மருந்து பேரு எக்ஸெனடைட். சர்க்கரைக்குப் போடற ஊசிதான். அமெரிக்கப் பாலைவனத்துல ஹீலா மான்ஸ்டர்னு ஒரு விஷப் பல்லி இருக்கு, அது எச்சில்ல கண்டுபிடிச்ச பொருள்லேருந்து வந்தது (என் மாமியார் இதக் கேட்டுட்டு "பல்லி எச்சிலயா என் புள்ளைக்குப் போடறீங்க"ன்னு திருச்சிலேருந்து போன்ல ஒரே அழுகை). லண்டன்ல மூளை, நரம்பு ஆஸ்பத்திரி இருக்கற க்வீன் ஸ்கொயர்ல டாக்டர் டாம் ஃபோல்டினியோட டீம் 62 பேர வச்சு செஞ்ச சோதனை 2017ல வெளிவந்துச்சு. 48 வாரம் போட்டு, நிறுத்தி, 12 வாரம் கழிச்சுப் பாத்தப்பவும் மருந்து போட்டவங்க நடை, கை அசைவெல்லாம் டம்மி போட்டவங்களவிட நல்லாவே இருந்துச்சாம். ஊசிய நிறுத்தினப்புறமும் பலன் நீடிக்குதுன்னா நோயையே மெதுவாக்குதோன்னு எல்லாருக்கும் ஒரு ஆசை. எங்களுக்கும்தான். அதோட அடுத்த பெரிய கட்டத்துல 2021ல சேந்தோம்.

போன்ல கேள்வி கேட்டு ஓகே சொன்னது பத்து நிமிஷம். அதுக்கப்புறம்தான் கூத்து.

இந்த ட்ரையலுக்கு சர்க்கரை நோய் இருக்கக்கூடாது. சர்க்கரை மருந்துதான், ஆனா சர்க்கரை உள்ளவங்களுக்கு இடமில்ல. எங்க குடும்பத்துல மாமியார், மச்சினர், நாத்தனார் எல்லாருக்கும் இருக்கு, இவர் ஒருத்தருக்குத்தான் இல்ல, அந்த அதிர்ஷ்டத்துல உள்ள போயிடலாம்னு நெனச்சோம். ஜிபிகிட்ட (நம்ம ஏரியா குடும்ப டாக்டர்) ஹிஸ்டரி லெட்டர் வாங்கிட்டு வரச் சொன்னாங்க. ரிசப்ஷன்ல இருந்த அம்மா "எதுக்கு, யார் கேட்டா, இன்ஷூரன்ஸுக்கா, அப்போ காசு கட்டணும்"னு ஒவ்வொரு போனுக்கும் முதல்லேருந்து ஆரம்பிக்கும். மூணு வாரம் கழிச்சு ஒட்டின கவர் ஒண்ணு குடுத்தாங்க. நான் மரியாதையா பிரிக்காம அப்படியே ஆஸ்பத்திரிக்கு எடுத்துட்டுப் போனேன். நர்ஸ் பிரிச்சுப் படிச்சிட்டு என்னை ஒரு மாதிரி பாக்குது. இவருக்கு டயபெடிஸ்னு போட்டிருக்கு! அவங்கம்மாவுக்கு இருக்குன்னு என்னிக்கோ சொன்னத இவர் பேர்லயே ஏத்தி வச்சிருக்காங்க. லெட்டர் திருத்தி வராம மேல போக முடியாதுன்னு அன்னிக்கு ரத்தம்கூட எடுக்கல. ஒன்றரை மணி நேரம் போக, ஒன்றரை மணி நேரம் வர, பார்க்கிங் காசு தண்டம். கவர் ஒட்டியிருந்தாலும் பிரிச்சுப் படிங்க. உங்களப் பத்தின லெட்டர்தான், ஒரு தப்பும் இல்ல. மாத்திரை அளவு கடைசியா எப்போ மாத்தினாங்கன்னு தேதி இருக்கான்னும் பாத்துக்கோங்க, எங்களோடதுல அதுவும் இல்ல.

ரெண்டாவது தடவ போன நாள வீணாக்கினது நாங்களேதான். பார்க்கின்சன் எவ்வளவு முத்தியிருக்குன்னு பாக்கற டெஸ்ட்ட மாத்திரை வேலை செய்யாத நேரத்துல எடுப்பாங்க, அதனால முந்தின ராத்திரிலேருந்து பார்க்கின்சனுக்குப் போடற லெவோடோபா மாத்திரைய போடக்கூடாது. எல்லாம் தெரியும், ஃப்ரிட்ஜ்ல பெருசா எழுதிக்கூட ஒட்டியாச்சு. காலைல ஆறு மணிக்கு அலாரம் அடிச்சதும் தூக்கக் கலக்கத்துல பழக்க தோஷத்துல கை போயி மாத்திரைய எடுத்து வாயில போட்டுடுச்சு. சொல்லாம விட்டுடலாமான்னு கார்ல ஒரு நிமிஷம் பேசினோம், பொய் சொல்றேன்னா எதுக்கு இந்த ட்ரையல்னு அவரே சொல்லிட்டாரு. உண்மையச் சொன்னதுக்குத் திருப்பி அனுப்பிட்டாங்க. அடுத்த தடவ அலாரத்த நிறுத்தி, மாத்திரை டப்பாவ என் ஹேண்ட்பேக்ல பூட்டி வச்சேன்.

அந்த மாத்திரை இல்லாத காலைய பத்தி யாருமே நமக்கு சரியா சொல்றதில்ல. சட்டை பட்டன் போட இருபது நிமிஷம். காரோட சீட்லேருந்து எழுந்திரிக்கவே முடியல, ரெண்டு பேரும் கார் பார்க்ல கட்டிப்பிடிச்சு நிக்கற மாதிரி நின்னோம். உள்ள போனா விரலத் தட்டு, கைய மூடித் திற, கால தட்டு, நாற்காலிலேருந்து கை ஊனாம எழுந்திரி, அப்புறம் பின்னாடி நின்னு தோளப் புடிச்சு வெடுக்குன்னு இழுத்து விழறாரான்னு பாப்பாங்க. கல்யாணம் ஆகி 26 வருஷத்துல அவர அவ்வளவு தளர்ந்து பாத்ததில்ல. கூட யாராவது கட்டாயம் போகணும், ட்யூப் ரயில்ல போற வேலையே வச்சுக்காதீங்க. மாத்திரைய பாக்கெட்லயே வச்சிருங்க, டெஸ்ட் முடிஞ்ச அடுத்த நிமிஷம் தண்ணியோட போட்டுட்டு அரை மணி கழிச்சு சாப்பிடுங்க. புரோட்டீன் சாப்பாட்டோட போட்டா மாத்திரை சரியா ஏறாது. நான் முதல் தடவ முட்டை சாண்ட்விச் குடுத்து அந்தத் தப்பையும் பண்ணேன்.

ஊசி ஒரு பிரச்சனையும் இல்ல. இட்லி மாவு பக்கத்துல ஃப்ரிட்ஜ்ல இருக்கும், ஞாயித்துக்கிழமை அவரே போட்டுக்குவாரு.

ஆறு மாசத்துல 72 கிலோலேருந்து 67. சாப்பாடு இறங்கல, குமட்டுதுன்னாரு. எங்களுக்கு ஒரே சந்தோஷம்! இந்த மருந்துக்கு எடை குறையும், குமட்டும்னு படிச்சிருக்கோமில்ல, அப்போ நமக்கு வந்தது நிஜ மருந்துதான்னு முடிவே கட்டிட்டோம். கை நடுக்கம்கூட கொறஞ்ச மாதிரி எனக்கே தெரிஞ்சுது. பார்க்கின்சனுக்கே எடை குறையும்ங்கற விஷயம் அப்போ மண்டைல ஏறல. ட்ரையல்ல இருக்கும்போது மருந்தா டம்மியான்னு வீட்டுல பந்தயம் கட்டாதீங்க, அவ்வளவுதான் சொல்வேன்.

2025 பிப்ரவரில ரிசல்ட் லான்செட்ங்கற மருத்துவப் பத்திரிகைல வந்துச்சு. மொத்தம் 194 பேர். 96 வாரத்துல அந்த டெஸ்ட் மார்க்ல மருந்து போட்டவங்க 5.7 மோசமாயிருக்காங்க, டம்மி போட்டவங்க 4.5. இந்த மார்க் ஏறினா நோய் ஏறுதுன்னு அர்த்தம். இந்த வித்தியாசத்துக்குப் பெருசா அர்த்தமில்ல, மருந்தால பலன் தெரியலன்னுதான் முடிவு. நாங்க கேட்டு எந்தப் பக்கம்னு தெரிஞ்சுகிட்டப்போ அவர் சிரிச்சாரு, "அப்போ அந்தக் குமட்டல் உன் சமையலாலதானா"ன்னு. எனக்கு சிரிப்பு வரல.

இதே வகையில லிக்ஸிசெனடைட்னு இன்னொண்ண ஃப்ரான்ஸ்ல 156 பேருக்கு ஒரு வருஷம் போட்டுப் பாத்து, நோய் அவ்வளவா ஏறலன்னு 2024ல வந்துச்சு, ஆனா மருந்து போட்டவங்கள்ல கிட்டத்தட்ட பாதிப் பேருக்குக் குமட்டல். அதனால கதவு முழுசா சாத்தலன்னு சொல்றாங்க. நாத்தனார் போன மாசம் "அம்மாவுக்கு மறதி ஜாஸ்தியாகுது, அந்த ஓசெம்பிக் போட்டா நிக்குமாமே, வாட்சப்ல வந்துச்சு"ன்னு கேட்டா. ஓசெம்பிக்ல இருக்கற மருந்து செமாக்ளுடைட், எக்ஸெனடைட் வகைதான்; அத மாத்திரையா 3,808 அல்சைமர் (மறதி நோய்) நோயாளிங்ககிட்ட குடுத்துப் பாத்தாங்க, 2025 நவம்பர்ல அதத் தயாரிக்கற கம்பெனியே நோய மெதுவாக்கலன்னு சொல்லிடுச்சு. அத்தைக்கு சர்க்கரை இருக்கு, டாக்டர் அதுக்குன்னு எழுதினா போடட்டும், மறதிக்குன்னு நீங்களா மெடிக்கல் ஷாப்ல வாங்கிப் போட்டு ஏற்கெனவே ஒல்லியா இருக்கறவங்கள இன்னும் இளைக்க வச்சுடாதீங்கன்னு சொன்னேன். கோச்சுக்கிட்டா.

ஒண்ணு சொல்ல மறந்துட்டேன். குத்தி முடிச்ச ஊசியெல்லாம் சேத்து வைக்கற மஞ்ச டப்பாவ கடைசி விசிட் அன்னிக்கே திருப்பிக் குடுத்துடுங்க. எங்களோடது ஒண்ணு வீட்டுலயே தங்கிடுச்சு. ஜிபி எங்களுதில்லங்கறாங்க, பார்மஸி ஜிபிகிட்ட குடுங்கங்கறாங்க, கவுன்சிலுக்கு ஃபார்ம் போட்டா ஜிபி ரெஃபர் பண்ணணுமாம். இன்னும் சிங்க்குக்கு அடிலதான் கெடக்கு.