வெள்ளை அங்கிக்குத் தனிக் கணக்கா?

"நோயாளி செத்தால் டாக்டரைப் பிடித்து உள்ளே போட வேண்டியதுதானே?" என்று சிங்கப்பூரின் தேக்கா காப்பிக்கடையில் ஓர் அண்ணன் மேசையைத் தட்டினார். இந்தியாவில், சிகிச்சையின்போது நடந்த ஒரு மரணத்தைப் பற்றிய பேச்சு. கோபம் நியாயம்தான், சட்டம் அப்படி எடுத்தேன் கவிழ்த்தேன் என்று போவதில்லை.

2005இல் ஜேக்கப் மேத்யூ என்ற மருத்துவரின் வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம், சாதாரணக் கவனக்குறைவு போதாது, அப்பட்டமான அலட்சியம் இருந்தால்தான் குற்ற வழக்கு என்றது. விசாரணை அதிகாரி முதலில் நடுநிலையான ஒரு மருத்துவரின் கருத்தையும் கேட்க வேண்டும். 2024 ஜூலையில் நடப்புக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா என்ற இந்தியக் குற்றவியல் சட்டத்தின் 106ஆவது பிரிவில், கவனக்குறைவால் மரணம் விளைவித்தால் மற்றவர்களுக்கு 5 ஆண்டுவரை சிறை; பதிவுபெற்ற மருத்துவருக்கு 2 ஆண்டுவரை. இதைச் சொன்னதும் அண்ணன் காப்பியை அப்படியே வைத்துவிட்டார்.

இதே குற்றத்துக்கான நம் சிங்கப்பூர் தண்டனைச் சட்டத்தின் 304ஏ பிரிவு தொழில் பார்ப்பதில்லை. கவனக்குறைவுக்கு 2 ஆண்டுவரை, ஆபத்து தெரிந்தே துணிந்ததற்கு 5 ஆண்டுவரை. ஆனால் மருத்துவர்கள்மீதான புகார்கள் பெரும்பாலும், அவர்களின் தொழில் ஒழுங்கைக் கவனிக்கும் மருத்துவ மன்றத்தோடும் இழப்பீட்டு வழக்கோடும் நின்றுவிடுகின்றன.

எனக்கு அதில் பெரிய வருத்தமில்லை. நள்ளிரவில் அவசர அறுவை செய்பவர் சிறையை நினைத்துத் தயங்கினால் நமக்குத்தான் ஆபத்து. குடித்துவிட்டுக் கத்தி எடுத்தவருக்கு மட்டும் இந்தச் சலுகையைத் தர மாட்டேன்.