எஸ்ஸவீராவின் வடகோடி

அக்டோபர் 2, புதன்

மொராக்கோவின் அட்லாண்டிக் கரையிலுள்ள எஸ்ஸவீராவுக்கு வருபவர்களில் பலர் மராக்கேஷில் காலை பஸ் ஏறி, மாலை பஸ்ஸில் திரும்பிவிடுகிறார்கள். துறைமுகத்து நீலப் படகுகள், மத்தி மீன் சுட்டுத் தரும் கடைகள், ஸ்காலா கொத்தளத்தின் வெண்கலப் பீரங்கிகள். இவ்வளவும் ஊரின் தென்மேற்கு மூலையிலேயே முடிந்துவிடும். அதனால் நான் மெதினாவின் (மதில் சூழ்ந்த பழைய நகரம்) வடகோடியில், பாப் துக்காலா வாசலுக்குப் பக்கத்தில் அறை எடுத்தேன்.

பையை வைத்துவிட்டு இருட்டும்வரை நடந்தேன். ஃபெஸ் நகரத்துச் சந்துகளில் சுற்றியவர்களுக்கு இந்த ஊர் வியப்பாக இருக்கும். தெருக்கள் நூல் பிடித்தாற்போல் ஓடுகின்றன. ஊர் தானாக வளரவில்லை, திட்டமிட்டு எழுப்பப்பட்டது. ஐரோப்பிய வணிகத்தை எல்லாம் ஒரே துறைமுகத்தில் தன் கைக்குள் வைத்துக்கொள்ள நினைத்த சுல்தான் சீதி முகம்மது பின் அப்துல்லா, 1760களில் இதைக் கட்டினார். வரைபடம் தியோடோர் கோர்னூ என்ற பிரெஞ்சுக்காரருடையது. அப்போது வெளிநாட்டார் வாயில் இதன் பெயர் மொகதோர்.

அக்டோபர் 3, வியாழன்

ஸ்காலா மதிலுக்கு அடியில் வரிசையாக வளைவு அறைகள். ஒரு காலத்தில் வெடிமருந்துக் கிடங்குகள். இன்று தச்சுப் பட்டறைகள். தெருவைப் பார்த்த பளபளப்பான கடைகளைத் தாண்டி, உள்ளே ஒரு பட்டறை வாசலில் நின்றேன். முதிய மாலம் ஒருவர் (கைதேர்ந்த தொழிலாளியை இங்கே அப்படித்தான் அழைக்கிறார்கள்) நிமிராமலே "உட்கார், கூயா (சகோதரா)" என்றார்.

கையில் துயா மரத்துப் பெட்டி. இந்த மரத்தின் தண்டைவிட, மண்ணுக்கடியில் வேரோடு முண்டாகத் திரளும் பகுதிக்குத்தான் மதிப்பு. அதை அறுத்தால் சிறுத்தைத் தோல் போலப் புள்ளிகள் தெரியும். மூடியின் ஓரத்தில் கத்தி நுனியால் ஒரு மயிரிழைப் பள்ளம் கீறினார். எலுமிச்சை மரத்தில் சீவிய மஞ்சள் இழையைப் பசை தடவி அதில் இறக்கினார். சுத்தியலின் பின்பக்கத்தால் லேசாகத் தட்டி, நீட்டிக்கொண்டிருந்ததைச் சீவி, உப்புத்தாளால் தேய்த்தார். அதுவரை மரம் வெளிறிப்போய்க் கிடந்தது. எண்ணெய்த் துணியால் ஒரு தேய் தேய்த்ததும் செம்பழுப்பு பொங்கி வந்தது. பட்டறை முழுக்க மிளகும் பிசினும் கலந்த வாசனை.

நல்ல முண்டு கிடைப்பது ஆண்டுக்காண்டு கடினமாகிறது என்றார். வேரைத் தோண்டினால் மரமே போய்விடும். அது மெல்ல வளரும் மரம். ஒரு சிறு பெட்டி வாங்கினேன். பேரம் பேச மனம் வரவில்லை.

அக்டோபர் 5, சனி

நாள் முழுக்கக் காற்று. கடற்கரைப் பக்கம் போனால் மணல் கணுக்காலில் ஊசியாகக் குத்துகிறது. அறையிலேயே கிடந்து படித்தேன்.

இரவு ஒன்பது மணிக்கு மேல் ரொட்டி வாங்க இறங்கினேன். பூட்டிய கதவு ஒன்றின் பின்னாலிருந்து கும்ப்ரி என்ற நரம்பு வாத்தியத்தின் கனத்த ஒலி, கூடவே இரும்புத் தாளங்கள். சஹாராவுக்குத் தெற்கிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்தவர்கள் க்னாவா மக்கள். அவர்களுடைய ஸாவியா, அதாவது சூஃபி மடம், இந்த ஊரில் இருக்கிறது. ஜூன் மாத க்னாவா விழாவுக்கு உலகமே வருகிறது. எனக்கு அந்தக் கதவுக்கு வெளியே நின்று கேட்டதே போதும்.

அக்டோபர் 6, ஞாயிறு

பாப் துக்காலாவைத் தாண்டி வடக்கே தொழிற்பேட்டைப் பக்கம் ஞாயிற்றுக்கிழமை ஜூத்தியா, அதாவது பழம்பொருள் சந்தை. ரேடியோக்கள், ஒற்றைச் செருப்புகள், குழாய்த் திருகுகள், பிரெஞ்சுக் காலத்து எனாமல் தட்டுகள். சுற்றுலாக்காரர்களாக மூன்று பேர் இருந்திருப்போம்.

திரும்பும் வழியில் யூதர்களின் பழைய இடுகாடு. காவலாளியிடம் சொன்னால் கதவைத் திறந்துவிடுகிறார். கடலோரத்தில், இடைவெளியே இல்லாமல் கல் மேல் கல்லாகப் படுக்கை வசத்தில் சமாதிகள். பல கற்களில் எழுத்தில்லை. தலை, தோள், உடல் என்று மனித உருவத்தைக் கோடளவில் காட்டும் செதுக்கல் மட்டும் இருக்கிறது. உப்புக் காற்று அதையும் அரித்திருக்கிறது. 1845இல் மறைந்த யூத மதகுரு ரப்பி ஹயிம் பிந்தோவை அடக்கம் செய்ததும் இந்த ஊரில்தான். அவருடைய நினைவு நாளுக்கு உலகின் பல மூலைகளிலிருந்து ஆண்டுதோறும் ஆட்கள் வருகிறார்கள்.

ஒரு சிறிய கல் முன்னால் வெகுநேரம் நின்றேன். குழந்தையுடையதாகத்தான் இருக்க வேண்டும்.

அக்டோபர் 8, செவ்வாய்

காற்று தணிந்தது. கடற்கரையோடு தெற்கே தியாபாத் கிராமத்தை நோக்கி நடந்தேன். க்ஸோப் ஆறு கடலில் சேரும் இடத்தில் பாதி மூழ்கிய கோட்டை ஒன்று சரிந்து கிடக்கிறது. பெயர் பூர்ஜ் எல் பாரூத். போர்ச்சுக்கீசியர் கட்டியது என்று வழிகாட்டிகள் சொல்வார்கள், நம்ப வேண்டாம். போர்ச்சுக்கீசியர் 1506இல் கட்டிய கோட்டை துறைமுகப் பக்கம் இருந்து அழிந்துபோனது. இது ஊரைக் கட்டிய சுல்தானின் காவல் கோட்டை. உள்ளே தள்ளிப் புதர்களுக்கு நடுவே அவருடைய மாளிகையின் இடிபாடும் இருக்கிறது. கூரை இல்லை, மணல் உள்ளே புகுந்துவிட்டது.

அங்கிருந்து பார்த்தால் எதிரே தீவு. கிளியோபாட்ராவின் மருமகனான அரசர் இரண்டாம் ஜூபாவின் காலத்தில், அங்கே கடல் நத்தைகளிலிருந்து ஊதாச் சாயம் எடுத்தார்கள். இன்று தீவு எலியனோரா வல்லூறுகளுக்குச் சொந்தம். வலசை போகும் சிறு பறவைகளைப் பிடித்துக் குஞ்சுகளுக்கு ஊட்ட வசதியாக, கோடை முடிவில்தான் அவை குஞ்சு பொரிக்கும். பிறகு மடகாஸ்கருக்குப் பறந்துவிடும். இரண்டு இன்னும் கிளம்பாமல் தாழப் பறந்துகொண்டிருந்தன.

அக்டோபர் 11, வெள்ளி

மெல்லாவை வேண்டுமென்றே கடைசிக்கு வைத்திருந்தேன். 1807இல் சுல்தான் மௌலாய் சுலைமான் யூதர்களுக்கென ஒதுக்கிய பகுதி அது. பணக்கார வணிகர்கள் கஸ்பா என்ற கோட்டைப் பகுதியிலேயே தங்கிவிட, மற்றவர்கள் எல்லாம் இங்கே நெருக்கியடித்து வாழ்ந்தார்கள். 19ஆம் நூற்றாண்டில் ஊரின் ஏறக்குறைய பாதிப்பேர் யூதர்கள். திம்புக்டுவிலிருந்து ஒட்டகங்களில் வந்த தீக்கோழி இறகும் பிசினும் லண்டனுக்குப் போனதும், இன்று மொராக்கோ முழுக்கக் குடிக்கும் சீனப் பச்சைத் தேயிலை பெருமளவில் வந்து இறங்கியதும் இவர்கள் கைவழியேதான். 1950, 60களில் பெரும்பாலோர் கிளம்பிவிட்டார்கள். காலியான வீடுகளில் நாட்டுப்புறத்து ஏழைக் குடும்பங்கள் குடியேறின. கடற்பக்கத்து வீடுகளை உப்பு தின்றுவிட்டது. இடித்த இடங்கள் பொக்கை வாயாகக் கிடக்கின்றன.

கஸ்பாவில் 2020இல் திறந்த பைத் தாகிரா என்ற நினைவில்லத்தை அழகாகச் செய்திருக்கிறார்கள். ஸ்லாத் லகாஹால் தொழுகைக்கூடத்தையும் மீட்டுவிட்டார்கள். மகிழ்ச்சிதான். ஆனால் அவற்றைச் சூழ்ந்த சாதாரண வீடுகள் ஒவ்வொன்றாக விழுந்தால் மெல்லா என்று எதைக் காட்டுவது? ஏழை ஒருவர் குடியிருக்கும் வீடும் காப்பாற்ற வேண்டிய வீடுதான்.

இடிபாட்டுக் குவியல் ஒன்றில் மஞ்சள் மணற்கல் ஒன்று கவிழ்ந்து கிடந்தது. புரட்டினால், ஆறுமுனை நட்சத்திரம் செதுக்கிய வாசல் நிலைக்கல். புரட்டியதை எதிர்வீட்டு ஹாஜா (மூத்த பெண்களை இங்கே மரியாதையாக அப்படி அழைக்கிறார்கள்) பார்த்துவிட்டார். "வல்தி (மகனே), உள்ளே வா, இன்று வெள்ளிக்கிழமை" என்றார். வெள்ளி மதியத்தில் குஸ்குஸ் சாப்பிடாமல் யாரையும் அனுப்பமாட்டார்கள். பூசணி, முள்ளங்கி, கொண்டைக்கடலை. மேலே வெங்காயத்தை உலர்திராட்சையோடு வதக்கிப் போட்டிருந்தார்.

அவர் வீட்டு நிலையிலும் அதே நட்சத்திரம். அந்தச் சின்னம் பழைய மொராக்கோ நாணயங்களிலேயே உண்டு. அதை மட்டும் வைத்து இன்னார் வீடு என்று சொல்லிவிட முடியாது. ஆனால் ஹாஜாவுக்குத் தெரிந்திருந்தது. சின்ன வயதில் மாமியாரோடு இந்த வீட்டுக்கு வந்தபோது, கிளம்பிக்கொண்டிருந்த குடும்பம் மாவு பிசையும் மரத்தட்டை விட்டுப்போனதாம். சந்து முனை அடுப்புக்கு இன்றும் அந்தத் தட்டில்தான் ரொட்டி மாவு போகிறது. ஆண்டுதோறும் ரமலானுக்கு முன் சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்க ஆள் வருவான். நிலைக்கல்லை மட்டும் அவன் தொடக்கூடாது, இவரே துடைப்பார்.

வெளியே கிடக்கும் கல்லைப் பற்றிக் கேட்டேன். அள்ளிப்போகும் வண்டி திங்கட்கிழமை வரும் என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டுப் பேரனைக் கூப்பிட்டார். அவன் சந்தைச் சாமான் ஏற்றும் கரோஸா வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தான். அவனும் நானும் பக்கத்துக் கடைக்காரருமாகத் தூக்கி ஏற்றி, அந்தக் கல்லை ஹாஜாவின் முற்றத்தில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் இறக்கினோம்.