‘விற்ற பொருள் வாபஸ் வாங்கப்படமாட்டாது’ – அச்சடித்தால் போதுமா?

பில்லின் அடியில் இந்த ஒரு வரியைக் காட்டியதும் பலர் பேசாமல் திரும்பிவிடுகிறார்கள். பொருள் பழுது என்றால் அந்த வரி கடைக்காரரைக் காப்பாற்றாது. பழுதான பொருளைத் திரும்ப எடுத்துக்கொண்டு பணத்தைத் தர மறுப்பதையே நியாயமற்ற வணிக நடைமுறை என்கிறது 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 2(47). பில்லில் கெடு குறித்திருந்தால் அதற்குள், இல்லாவிட்டால் 30 நாளுக்குள் தந்தாக வேண்டும். பில்லே தராமல் இருப்பதும் அதே பிரிவில்தான் வருகிறது. ‘கலர் பிடிக்கவில்லை, மாற்றிக் கொடுங்கள்’ என்பதற்கு மட்டும் இந்தப் பிரிவைக் காட்ட முடியாது.

வாங்கிய மூன்றாம் வாரத்திலேயே மிக்ஸியின் மோட்டார் கருகிவிட்டது என்று வையுங்கள். கடைக்குப் போன், சர்வீஸ் சென்டருக்குப் போன் என்று மாதங்கள் ஓடிவிடும். கையில் ஒரு காகிதம்கூட இருக்காது. இங்கேதான் நல்ல வழக்குகள் வீணாகின்றன. மிக்ஸியைக் கொடுக்கும் ஒவ்வொரு முறையும் தேதி, சீரியல் நம்பர், என்ன குறை என்று எழுதிய ஜாப் ஷீட்டைக் கேட்டு வாங்குங்கள். ‘ஓவர்லோடு, வாரண்டியில் வராது’ என்று வாயால் சொன்னால், அதையே எழுதித் தரச் சொல்லுங்கள். அட்டைப்பெட்டியைத் தூக்கிப் போடாதீர்கள். தயாரிப்பாளரின் முகவரி அதில்தான் இருக்கும். முக்கியமாக, தெரு முனை மெக்கானிக்கிடம் கொடுத்துப் பிரிக்க வேண்டாம். பார்த்தால் தெரியாத குறை என்றால், வழக்கை விசாரிக்கும் நுகர்வோர் ஆணையம் பொருளை ஆய்வகத்துக்கு அனுப்பலாம்; ஏற்கெனவே பிரித்த மோட்டாரை வைத்துக்கொண்டு தயாரிப்புக் குறை என்று நிரூபிப்பது கடினம். ஆய்வுக் கட்டணத்தை முதலில் நம்மையே கட்டச் சொல்வார்கள்.

பிறகு கடைக்கும் தயாரிப்பாளருக்கும் 15 நாள் அவகாசம் கொடுத்து ஸ்பீடு போஸ்ட்டில் ஒரு கடிதம். 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் புகார் பதியலாம். பல குறைகள் அங்கேயே தீர்ந்துவிடும். ஆனால் அவர்களால் உத்தரவு போட முடியாது. வழக்குப் போட இருக்கும் 2 ஆண்டுக் கெடுவும் அதற்காக நிற்காது.

பதில் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கடை எந்த ஊரில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் அல்லது வேலை செய்யும் மாவட்டத்திலேயே மனுப் போடலாம். இது பழைய 1986 சட்டத்தில் இல்லாத பெரிய வசதி. கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய் வரை என்றால் மாவட்ட ஆணையம்தான். நாம் கேட்கும் நஷ்டஈட்டை இதில் சேர்த்துக் கணக்கிடக் கூடாது. விலை 5 லட்சம் வரை என்றால் மனுக் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை. நுகர்வோர் வழக்குகளுக்கான அரசின் இ-ஜாக்ரிதி தளத்தில் ஆன்லைனிலும் தாக்கல் செய்யலாம்.

கடைக்காரர், தயாரிப்பாளர் இருவரையும் எதிர்தரப்பினராகச் சேருங்கள். ஒருவரை விட்டால், இருப்பவர் பழியை இல்லாதவர் தலையில் போட்டுவிடுவார். விலை, வட்டி, மன உளைச்சலுக்கான இழப்பீடு, வழக்குச் செலவு என்று தனித்தனியாகத் தொகை குறித்துக் கேளுங்கள். ஜி.எஸ்.டி. கழிவுக்காகக் கம்பெனி பெயரில் பில் வாங்கியிருந்தால், ‘வணிக நோக்கம், இவர் நுகர்வோரே இல்லை’ என்பதைத்தான் எதிர்தரப்பு முதலில் பிடித்துக்கொள்ளும். சுயதொழிலில் பிழைப்புக்காகத் தானே பயன்படுத்த வாங்கியவருக்கு விலக்கு உண்டு. அதை மனுவிலேயே எழுதிவிட வேண்டும்.

எதிர்தரப்பு பதில் தர 30 நாள், மிஞ்சினால் இன்னும் 15 நாள். அதற்கு மேல் ஒரு நாளும் நீட்டிக்க முடியாது என்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு 2020இல் தீர்ப்பளித்துவிட்டது. ஆய்வு தேவைப்படாத வழக்கை 3 மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். நடப்பில் பெரும்பாலும் அதைவிட அதிகம் ஆகிறது.

ஜெயித்தும் பணம் வரவில்லையா? பிரிவு 71இல் உத்தரவை அமல்படுத்தக் கோரும் நிறைவேற்று மனு, பிரிவு 72இல் தண்டனை கோரும் மனு என இரண்டு வழி உண்டு. பின்னதில் 1 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, அல்லது 25,000 முதல் 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே விதிக்கலாம்.