கைதட்டின கையோட

2020 மார்ச் 22 சாயங்காலம், கொரோனாவுக்கு நடுவே வேலை செய்தவர்களுக்குத் தட்டைத் தட்டி நன்றி சொன்னோம். தூய்மைப் பணியாளர்களுக்கு அதைவிட உதவியது, குப்பையை ஒழுங்காகக் கொடுத்த வீடுகள்தான்.

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அந்த வருஷமே சொன்னது: வீட்டில் போட்ட மாஸ்க்கைக் கத்தரித்து, காகிதப் பையில் 72 மணி நேரம் வைத்த பிறகே உலர்குப்பையில் போடணும். கத்தரிக்காவிட்டால் யாராவது எடுத்துத் திரும்ப விற்பார்கள்! கொரோனா வார்டுக் கழிவுக்கு ரெண்டு பை, ஒன்றுக்குள் ஒன்று.

குப்பை வண்டி கழுவ 1% குளோரின் கரைசல்: லிட்டருக்கு 30 கிராம் பிளீச்சிங் பவுடர், தினமும் புதிதாக. திறந்து கிடந்த பவுடரில் குளோரின் போயிருக்கும், மணம் மட்டும் மிச்சம். ஆசிட்டோடு கலந்தால் விஷவாயு.

மெல்லிய ஆஸ்பத்திரிக் கையுறை உடைந்த கண்ணாடிக்குக் கிழிந்துவிடும். தூய்மைப் பணியாளர்களுக்குத் தடித்த ரப்பர் கையுறை, பூட்ஸ் வாங்கிக் கொடுங்க. சால்வை வேண்டாம்.