யார்க்கில் கூடாத நாடாளுமன்றம்

"கலகக்காரங்க எதுக்கு சார் நாடாளுமன்றம் கேக்கணும்?" இன்று வகுப்பில் கடைசி பெஞ்சிலிருந்து வந்த கேள்வி.

1536. இங்கிலாந்தின் வடக்கில் ஏறத்தாழ 30,000 பேர் திரண்டுவிட்டார்கள். மன்னர் எட்டாம் ஹென்றி மடாலயங்களை மூடியதில் வெடித்த கோபம். வரலாற்றில் இந்தக் கலகத்துக்கு 'அருள் யாத்திரை' (Pilgrimage of Grace) என்று பெயர். தலைமை, ராபர்ட் ஆஸ்க் என்ற வழக்கறிஞர்.

டிசம்பரில் பாண்டிஃப்ராக்ட் கோட்டையில் உட்கார்ந்து 24 கோரிக்கைகள் எழுதினார்கள். மதம், வரி என்று நிறைய உண்டு. என்னை நிறுத்துவது வேறு.

நாடாளுமன்றத்தை நாட்டிங்காமிலோ யார்க்கிலோ கூட்டுங்கள், சீக்கிரம் கூட்டுங்கள். உறுப்பினர் தேர்தலையும் சீர்திருத்துங்கள்.

யோசித்துப் பாருங்கள். கையில் ஆயுதம். எதிரே நின்ற அரசப் படை அவர்களைவிடச் சிறியது. அப்போதும் கேட்டது, சட்டம் எழுதும் அவை தங்கள் பக்கம் வர வேண்டும், அதில் மன்னரின் ஆட்களே நிரம்பிவிடக் கூடாது என்பதைத்தான்.

மன்னர் சார்பில் நார்ஃபோக் பிரபு பொதுமன்னிப்பும் நாடாளுமன்றமும் தருவதாக வாக்களித்தார். நம்பிக் கலைந்தார்கள். அடுத்த ஆண்டு ஆங்காங்கே மீண்டும் கலகம் கிளம்ப, அதைச் சாக்காக வைத்து 1537 ஜூலையில் ஆஸ்க்கை யார்க்கிலேயே தூக்கிலிட்டார்கள். அந்த நாடாளுமன்றம் கூடவே இல்லை.

இவர்களை வெறும் ஆத்திரக் கூட்டம் என்று யாராவது சொன்னால் எனக்குப் பொறுக்காது.

1647-இல், மன்னரை எதிர்த்துப் போரிட்ட நாடாளுமன்றப் படையின் வீரர்கள், லண்டன் அருகே புட்னியில், ஏழைக்கும் வாக்கு வேண்டும் என்று தங்கள் தளபதிகளிடமே வாதாடினார்கள். இரண்டுக்கும் இடையே நேர்க்கோடு இழுக்க முடியாது, நோக்கங்கள் வேறு. ஆனால் அவையில் யார் உட்கார்வது என்ற கேள்வியை அரண்மனைக்கு வெளியே இருந்தவர்கள் அதற்கு 111 ஆண்டுகள் முன்பே எழுப்பிவிட்டார்கள்.