கோலாலம்பூரில் எச்.ஐ.வி.: சோதனைக்கும் முதல் மாத்திரைக்கும் நடுவே

12 ஜனவரி

மலேசியாவில் புதிய எச்.ஐ.வி. பதிவுகள் உச்சத்தைத் தொட்டது 2002ல்: 6,978. அன்று பெரும்பாலும் போதை ஊசி வழியாகப் பரவியது. 2005ல் போதைக்கு மாற்றாகக் கொடுக்கும் மெத்தடோன் மருந்து, 2006ல் பழைய ஊசிக்குப் புது ஊசி தரும் திட்டம் வந்தபின் அந்த வழி சுருங்கியது. இன்று பாலுறவு வழிதான் மிக அதிகம். புதிய பதிவுகள் 2019ல் 3,564, 2020ல் 3,146, 2021ல் 2,760. இதைப் பார்த்து யாரும் நிம்மதி அடைய வேண்டாம். கோவிட் நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலத்தில் சோதனைக்கு வந்தவர்களே குறைவு. 2022ல் மறுபடி 3,177. பதிவு எண் சோதித்துக்கொண்டவர்களை மட்டுமே காட்டும்.

19 ஜனவரி

வாய்நீர் கிட் வைத்து வீட்டில் சோதிப்பவர்கள் கவனத்துக்கு. அதற்கு 15 நிமிடம் முன்பிருந்தே எதையும் சாப்பிடக் கூடாது, குடிக்கவும் கூடாது. மேல் ஈறில் ஒரு தடவை, கீழ் ஈறில் ஒரு தடவை துடைத்தால் போதும்; கன்னத்தின் உட்புறத்தைத் துடைத்தால் பயனில்லை. 20 நிமிடத்துக்கு முன்பும் 40 நிமிடத்துக்குப் பின்பும் பார்க்கும் முடிவை நம்பக் கூடாது. இரண்டு கோடு வந்தால் எச்.ஐ.வி. இருக்கலாம்; கிளினிக்கில் ரத்தச் சோதனை செய்து உறுதிப்படுத்த வேண்டும். ஒரே கோடு வந்தாலும், சந்தேகத்துக்குரிய உறவு நடந்து 90 நாள் ஆகாவிட்டால் இன்னொரு தடவை சோதிக்க வேண்டும்.

உறவு நடந்து 72 மணி நேரம் தாண்டவில்லையா? கிட்டைத் தேட வேண்டாம். மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போய் 28 நாள் தடுப்பு மருந்து கேளுங்கள்.

2 பிப்ரவரி

சோதனைக்கும் முதல் மாத்திரைக்கும் நடுவே, ஆள் தொலைவது இங்கேதான். முடிவு தெரிந்தபின் சி.டி.4 (நோய் எதிர்ப்பு அணுக்களின் எண்ணிக்கை), வைரஸ் அளவு, காசநோய், ஹெபடைடிஸ், சிறுநீரகம் என்று வரிசையாகச் சோதனைகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள் லீவு கேட்க வேண்டியிருந்தால், இரண்டாவது தேதிக்கே பலர் வருவதில்லை. மருந்து கிடைக்காததால் அல்ல. 2006 முதல் மலேசியர்களுக்கு அரசாங்கக் கிளினிக்கில் முதல்நிலை மருந்து இலவசம், பதிவுக்கு ஒரு வெள்ளி (ரிங்கிட்) தான். ரத்தம் எல்லாவற்றையும் ஒரே நாளில் எடுத்துவிடும்படி கேட்பதில் தப்பே இல்லை.

"அக்கா, பிரிக்பீல்ட்ஸ் வேணாம், எங்க மாமி அங்கதான் வருவாங்க." தமிழர் நடமாட்டம் மிகுந்த அந்த வட்டாரத்தில் தெரிந்தவர் கண்ணில் படுவோமோ என்ற பயம் நம் ஆட்களிடம் நிஜம். இவர்களிடம் தைரியம் சொல்லிக்கொண்டிருப்பதைவிட, வேறு வட்டாரக் கிளினிக்குக்கு மாற்றுக் கடிதம் வாங்கிக் கொடுப்பது நல்லது.

16 பிப்ரவரி

அதே பயத்தில் சிலர் லேபிள் இல்லாத டப்பாவுக்கு மாத்திரையை மாற்றுகிறார்கள். புட்டிக்குள் இருக்கும் சின்ன ஈரம் உறிஞ்சும் பை குப்பைக்குப் போகிறது. நம் ஊர்ப் புழுக்கத்தில் மாத்திரை கெட்டுப்போகும். லேபிளைக் கிழியுங்கள், புட்டியை மாற்றாதீர்கள்.

டொலுடெக்ராவிர் என்ற எச்.ஐ.வி. மருந்து சேர்ந்த மாத்திரை எடுப்பவர்களுக்கு ஒன்று: இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கு 2 மணி நேரம் முன்போ 6 மணி நேரம் பின்போ எடுக்க வேண்டும், இல்லையேல் மருந்து உடம்பில் சரியாகச் சேராமல் போகலாம். இனிப்புநீருக்கு (நீரிழிவுக்கு) மெட்ஃபார்மின் எடுப்பவர்கள் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். டொலுடெக்ராவிர் மெட்ஃபார்மினை ரத்தத்தில் ஏற்றிவிடும், பொதுவாக மெட்ஃபார்மின் நாளுக்கு 1,000 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. நம்மவர்களில் எத்தனை பேருக்கு இனிப்புநீர் என்று சொல்லத் தேவையில்லை.

1 மார்ச்

தமிழ்நாட்டிலிருந்து வந்து வேலை செய்யும் தம்பிகளுக்கு நிலைமை வேறு. வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கான கட்டாய மருத்துவச் சோதனையான ஃபோமெமாவில் எச்.ஐ.வி. தெரிந்தால் 'தகுதியில்லை' என்றாகிவிடும். சிகிச்சைக்கும் முழுக் கட்டணம். ஊர் திரும்புமுன் மருந்தின் பெயர், தொடங்கிய தேதி, கடைசி வைரஸ் அளவு மூன்றும் எழுதிய கடிதம் கையில் இருக்க வேண்டும். ஏற்கெனவே மருந்து எடுப்பவர் என்றால், இடைவெளி விழாதபடி ஒரு மாத மாத்திரையும் வேண்டும். இந்தியாவில் 2004 முதல் அரசு ஏ.ஆர்.டி. (எச்.ஐ.வி. சிகிச்சை) மையங்களில் மருந்து இலவசம். எந்த மையம் பக்கம் என்று தெரியாவிட்டால், அங்கே இறங்கியதும் 1097க்கு அழைக்கலாம்.