பின் பெஞ்சில் ஒருவர்

ஆங்கில ஆசிரியர்களுக்குப் பயிற்சி வகுப்பு என்று அறிவிப்பு வந்தால் ஆசிரியர் அறையில் எழும் முதல் கேள்வி, ‘சர்டிபிகேட் தருவாங்களா?’ என்பதுதான். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பதவி உயர்வுக்கும் வேறு வேலைக்கு விண்ணப்பிப்பதற்கும் அந்தக் காகிதம் தேவைப்படுகிறது. பல வகைப் பயிற்சிகளில் உட்கார்ந்து எழுந்த பிறகு நான் கேட்பது வேறொரு கேள்வி: நான் பாடம் நடத்துவதை அங்கே யாராவது பார்ப்பார்களா?

இப்படிக் கேட்டால் பல பயிற்சிகள் உடனே கழிந்துவிடும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஸ்லைடுகளை ஓட்டி, சார்ட் பேப்பரும் ஸ்கெட்ச் பேனாவும் கொடுத்துக் குழுவாக எழுதச் சொல்லி, குழுப் புகைப்படத்தோடு முடிக்கும் ஒருநாள் பட்டறைகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஆங்கில ஆசிரியர்களுக்கெனக் கேம்பிரிட்ஜ் நடத்தும் டிகேடி (TKT) போன்ற தேர்வுகள் அந்த ரகமல்ல. ஒரு பகுதிக்கு 80 கேள்விகள், 80 நிமிடங்கள். சரியான விடையைத் தேர்ந்தெடுத்தால் போதும். தேர்ச்சி, தோல்வி என்று இல்லாமல் 1 முதல் 4 வரை ஒரு நிலை தருகிறார்கள். துறையின் கலைச்சொற்களை ஒழுங்காகக் கற்றுக்கொள்ள நல்ல வழி. ஆனால் அங்கேயும் உங்கள் வகுப்பை யாரும் பார்ப்பதில்லை.

கேம்பிரிட்ஜின் இன்னொரு சான்றிதழ்ப் பயிற்சியான செல்டாவில் (CELTA) பார்ப்பார்கள். குறைந்தது 120 மணி நேரப் பயிற்சியில், ஆங்கிலத் திறனில் இரண்டு வேறு நிலைகளில் இருக்கும் நிஜ மாணவர்களுக்கு ஆறு மணி நேரம் பாடம் நடத்தியாக வேண்டும். பயிற்றுநர் பின்னால் உட்கார்ந்து எழுதிக்கொண்டே இருப்பார். கூடப் படிப்பவர்களும் பார்ப்பார்கள். இதுபோக, அனுபவமுள்ள ஆசிரியர்களின் வகுப்புகளை ஆறு மணி நேரம் நாம் பார்க்க வேண்டும். நான்கு எழுத்துப் பணிகளும் உண்டு. முழுநேரமாகச் செய்தால் நான்கைந்து வாரங்களில் முடிந்துவிடும். அந்த வாரங்களில் தூக்கம் குறையும் என்பதைப் படித்தவர்கள் யாரும் மறுக்க மாட்டார்கள்.

புதிதாகச் சேர்ந்த ஆசிரியர்களின் வகுப்பைப் பார்க்கும் வேலை இப்போது எனக்கும் வருகிறது. பின் பெஞ்சில் உட்கார்ந்தால் அதிகம் கண்ணில் படுவது, கேள்விக்கும் பதிலுக்கும் இடையே ஆசிரியர் விடும் நேரம். இதை அளந்து பார்த்தவர் மேரி பட் ரோ. 1970களில் அமெரிக்க அறிவியல் வகுப்புகளை ஆராய்ந்த அவர், கேள்வி கேட்ட ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடி அளவே காத்திருப்பதைக் கண்டார். அதை மூன்று விநாடிக்கு மேல் நீட்டியபோது பதில்கள் நீண்டன. வழக்கமாகப் பேசாத மாணவர்களும் பேசினார்கள். அது தாய்மொழியிலேயே நடந்த வகுப்பு. ஆங்கில வகுப்பில் மாணவர் முதலில் கேள்வியைப் புரிந்துகொள்ள வேண்டும், பிறகு பதிலைத் தேட வேண்டும், அதன் பிறகு அதை ஒரு ஆங்கில வாக்கியமாகக் கட்ட வேண்டும். ஒரு விநாடியில் எது நடக்கும்?

காத்திருக்க வேண்டும் என்பது தெரியாத ஆசிரியர் இல்லை. தேர்வில் கேட்டால் முழு மதிப்பெண் வாங்கிவிடுவார்கள். ஆனால் வகுப்பில் விழும் மௌனம் ஆசிரியருக்குத் தன் தோல்வியாகத் தெரிகிறது. உடனே கேள்வியை மாற்றிக் கேட்கிறார், பாதிப் பதிலைத் தானே சொல்கிறார், கடைசியில் முன்வரிசையில் எப்போதும் கை தூக்கும் பிள்ளையிடம் போய்விடுகிறார். வகுப்பு முடிந்ததும், எந்தக் கேள்விக்கு எவ்வளவு நேரம் விட்டார், யார் பதில் சொன்னார் என்று நான் குறித்த தாளைக் கொடுக்கிறேன். அறிவுரை ஒன்றும் சொல்வதில்லை. தாளைப் பார்த்துவிட்டு அவர்களே பேசத் தொடங்குவார்கள்.

செல்டா ஊட்டும் இன்னொரு பழக்கம், ‘அண்டர்ஸ்டாண்ட்?’ என்று கேட்பதை விடுவது. அந்தக் கேள்விக்கு வகுப்பே தலையாட்டும். ‘ஹி யூஸ்டு டு ப்ளே டென்னிஸ்’ என்று எழுதினால், ‘முன்பு விளையாடினாரா? ஒரே ஒரு தடவையா, பல தடவையா? இப்போது விளையாடுகிறாரா?’ என்று கேட்க வேண்டும். ஒற்றைச் சொல்லில் வரும் பதிலே யாருக்குப் புரியவில்லை என்று காட்டிவிடும். (பயிற்சி முடித்த புதிதில் சிலர் மேஜை, நாற்காலிக்கெல்லாம் இப்படி மூன்று கேள்வி கேட்பார்கள். போகப் போகச் சரியாகிவிடும்.)

எல்லாவற்றையும் அப்படியே ஏற்க வேண்டியதில்லை. செல்டாவின் வேர், 1962இல் லண்டனில் ஜான் ஹேக்ராஃப்ட் தன் இன்டர்நேஷனல் ஹவுஸ் பள்ளியில் தொடங்கிய பயிற்சியில் இருக்கிறது. அங்கே பல நாட்டவர் சேர்ந்து உட்காரும் சிறிய வகுப்பில் எல்லோருக்கும் பொதுவாக இருப்பது ஆங்கிலம் மட்டுமே. ஐம்பது பேரும் ஒரே தாய்மொழி பேசும் வகுப்பில், அந்த மொழியில் ஒரு சொல்லில் பொருள் சொல்லி முடிக்க வேண்டியதை ஐந்து நிமிடம் நடித்துக் காட்டுவது வீண் வேலை. எல்லோருக்கும் பொருந்தும் சிறந்த முறை என்று ஒன்று இல்லை, கற்றல் எப்படி நடக்கிறது என்று ஆசிரியர் உள்ளூர நம்பி நடத்துவதே முக்கியம் என்று ஆங்கிலம் கற்பிக்கும் முறைகளை ஆராய்ந்த இந்திய அறிஞர் என். எஸ். பிரபு 1990இல் வாதிட்டார். செல்டாவுக்கு அடுத்த படியான டெல்டா (Delta) பயிற்சியில் எனக்குப் பிடித்த பகுதியும் அந்த நம்பிக்கையை உரசிப் பார்ப்பதுதான்: இதுவரை கையாளாத ஒரு முறையில் ஒரு பாடம் நடத்தி, என்ன நடந்தது என்று எழுத வேண்டும்.

இதற்கெல்லாம் நேரமோ பணமோ இல்லாதவர்கள், ஒத்துப்போகும் சக ஆசிரியர் ஒருவரோடு சேர்ந்து பாதியையாவது செய்யலாம். எதைப் பார்ப்பது என்று முன்கூட்டியே ஒரே ஒரு விஷயத்தைப் பேசி வைத்துக்கொள்ள வேண்டும். பார்ப்பவர் நடந்ததை மட்டும் எழுத வேண்டும். முதலில் பேசுவது பாடம் நடத்தியவராக இருக்கட்டும். எழுதிய தாள் நிர்வாகத்தின் கோப்புக்குப் போகக் கூடாது. போகும் என்று தெரிந்தால் ஒத்திகை பார்த்த பாடம்தான் நடக்கும். மாணவர்களும் அதில் நன்றாகவே நடிப்பார்கள்.

அப்படி ஒருவரும் கிடைக்கவில்லையென்றால் செல்பேசியில் உங்கள் வகுப்பைப் பதிவு செய்து, அதில் ஐந்து நிமிடத்தை மட்டும் வரிக்கு வரி எழுதிப் பாருங்கள். முழு வகுப்பையும் எழுதப் போனால் இரண்டாவது நாளே அலுத்துவிடும்.